பானட்டின் உள்பக்கம் இருந்த தேதிகள்

முதலில் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார் கெரிட் போஸ்மா. சில்லென்று இருந்தது. வாங்க ஆள் வருவதற்கு முன்பே ஒரு தடவை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு, வந்தவர் கண் முன்னால் ஒரே சாவித் திருப்பில் கிளப்பிக் காட்டி ஏமாற்றுகிற கூட்டம் அயோவா மாகாணத்தில் நிறைய உண்டு. இங்கே அந்த வேலை நடக்கவில்லை. அதற்காக அவர் சந்தேகம் குறைந்துவிடவில்லை. சூடாக்கி வைக்கக்கூட முடியாத எஞ்சினாக இருக்கலாமே.

"தொட்டுப் பாத்தாச்சா, பெரியவரே? காய்ச்சல் ஏதும் இருக்கா?" என்றான் டுவைன்.

டுவைனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விற்கிற பொருள் அவனுடையது இல்லை. அவன் மாமா ஹார்லன் டி வால் ஜனவரியில் செத்துப்போனார். அத்தை ஆர்லிஸ் ஒண்டியாக இருக்கிறாள். கொட்டகையைக் காலி செய்து தரும்படி அத்தை சொன்னதால் வந்து நின்றான்.

"காய்ச்சல் இருந்தாத்தான் தெரியுமே. செத்த உடம்புல என்ன தெரியும்?" என்றார் கெரிட்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். தானியக் கிடங்கின் எடை மேடையில் நாற்பது வருடம் வேலை பார்த்தார். ஈரச் சோளத்தைக் காய்ந்தது என்று சத்தியம் பண்ணியவர்களில் பாதிப் பேர் சபையில் மூப்பர்களாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடிவிட்டு, திங்கட்கிழமை அவர்கள் சோளத்தில் கையை விட்டுப் பார்த்தவர் கெரிட். கையை விடாமல் அவர் எதையும் நம்பியதில்லை. ஒரே ஒரு தடவை நம்பினார். போன வருடம், பக்கத்து மாவட்டத்தில். வாங்கி வந்த எஞ்சினில் விரிசல் இருந்தது. அதை மக்குப் பசை வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தான் அந்தப் பாவி.

தோட்ட டிராக்டர் கொட்டகையின் மூலையில் நின்றது. அறுபத்தேழாம் வருடத்து வண்டி. ஒற்றை சிலிண்டர், பன்னிரண்டு குதிரை சக்தி. சிவப்புப் பெயிண்ட் வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. சீட்டு கிழிந்து பஞ்சு தொங்கியது. ஆனால் கெரிட்டின் கண் வண்டி மேல் இல்லை, சுவரோரம் இருந்தது. அடியில் மாட்டும் புல்வெட்டி, முன்னால் மாட்டும் பனிவாரி, ஒற்றைக் கலப்பை, மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர், சக்கரத்துக்குச் சங்கிலி, எடைக்கட்டிகள். எல்லாம் அதே வருடம், அதே நிறம். இவ்வளவு பழைய வண்டிக்கு இத்தனை துணைக்கருவியும் பிரியாமல் ஒரே இடத்தில் கிடைப்பதை அவர் எழுபத்து நான்கு வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறார். சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் சளியைக் காறித் துப்பினார்.

"இந்த ரோட்டாவேட்டரோட கத்தியெல்லாம் தேஞ்சு போச்சு."

"மாமா ஒவ்வொரு வருஷமும் அதை வச்சுத்தான் உருளைக்கெழங்குப் பாத்தி போட்டாரு. தேயாம என்ன பண்ணும்?"

"எஞ்சினைப் பிரிச்சிருக்கா எப்பவாவது?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"தெரிஞ்சு இல்லன்னா தெரியாம இருக்கலாம்னு அர்த்தம்."

"நீங்க சபைக்குப் போறப்போ போதகரையும் இப்படித்தான் கேப்பீங்களா?"

கெரிட் பானட்டைத் தூக்கினார். உள்பக்கத்தில் தச்சன் பென்சிலால் வரிசை வரிசையாகத் தேதிகள் எழுதியிருந்தன. ஆயில் மாற்றிய தேதிகள். பானட்டுக்குள் அப்படி எழுதி வைப்பது அந்தப் பக்கத்து ஆண்களின் வழக்கம்தான். ஏப்ரலில் புல்வெட்டி மாட்டும்போது கெட்டி ஆயில், அதற்கு எதிரில் ஆயிலின் தர எண் 30. அக்டோபரில் பனிவாரி மாட்டும்போது மெல்லிசு ஆயில், அதற்கு எதிரில் 10. பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு. அறுபத்தேழிலிருந்து போன அக்டோபர் வரை. வேறு ஒரு வார்த்தை இல்லை.

சட்டைப் பையிலிருந்து விதைக் கம்பெனி கொடுத்த சின்ன நோட்டை எடுத்தார். பென்சில் முனையை நாக்கில் நனைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாக எழுத ஆரம்பித்தார். எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வரும்.

"என்ன பண்றீங்க?"

"வீட்டுல போய் சரிபாக்கணும்."

"எல்லாத்தையுமா? நூறு இருக்கும் போலயே!"

"அவசரம்னா நீ போய்க் காப்பி குடி, தம்பி."

டுவைன் போகவில்லை. தலைகீழாகக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தான். பேசாமல் இருக்க அவனால் முடியாது.

"மாமாவுக்கு ஒரே பையன். லைல். எழுபத்தெட்டுல மோட்டார் சைக்கிள்ல போய் செத்துட்டான். பத்தொம்பது வயசு. அதுக்கப்புறம் மாமா அவன் பேரை ஒரு தடவகூட சொல்லல. கல்லறைக்கு வான்னு அத்தை கூப்பிட்டா 'வேலை இருக்கு'ம்பாரு. இருபத்தஞ்சு வருஷம் அத்தை தனியாத்தான் போனாங்க. பையன் மேல கோவத்தோடயே போய்ச் சேந்துட்டாரோன்னு அத்தைக்கு இப்பவும் ராத்திரி தூக்கமில்ல. சாகுறப்பவாவது ஏதாவது சொல்வாருன்னு ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கூடவே உக்காந்திருந்தாங்க. 'சன்னலைச் சாத்து'ன்னாரு. அவ்வளவுதான்."

"இது எண்பத்தி மூணா, எண்பத்தி எட்டா?" என்றார் கெரிட்.

டுவைன் அவரை ஒரு பார்வை பார்த்தான். "மூணு" என்றான்.

எழுபத்தொன்பதுக்கு வந்தபோதே கெரிட்டுக்கு ஒன்று இடித்திருந்தது. ஏப்ரல், அக்டோபர் நடுவில் ஒரு செப்டம்பர் 9. அதற்கு எதிரில் எண் எதுவும் இல்லை. எண்பதிலும் செப்டம்பர் 9. எண்பத்தொன்றிலும். போன வருடம் வரை ஒரு வருடம்கூட விடாமல் இருபத்து நான்கு செப்டம்பர் ஒன்பது. அவர் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டார். கடைசி வட்டத்தை முடித்ததும் நோட்டை மூடினார்.

"இது பொய்க் கணக்கு" என்றார்.

"என்னது?"

"செப்டம்பர் ஒம்போதுல ஆயில் மாத்துறவன் அக்டோபர்ல மறுபடி எதுக்கு மாத்துறான்? மூணு வாரத்துல ஆயில் என்ன கெட்டாப் போகும்? எவனுக்காவது கிறுக்குப் பிடிச்சிருக்கணும். இல்லன்னா வண்டிய நல்லா பாத்துக்கிட்டோம்னு காட்டுறதுக்காக ஒரே மூச்சுல உக்காந்து எழுதினது. எழுதத் தெரிஞ்சவனுக்குப் பொய்யா எழுதத் தெரியல."

டுவைனின் காது சிவந்தது. "எங்க மாமாவப் பத்திப் பேசுறீங்க."

"நான் வண்டியப் பத்திப் பேசுறேன். பொய்க் கணக்கு எழுதின வண்டிக்கு இந்த வெலை தர மாட்டேன். ரோட்டாவேட்டரைச் சும்மா போட்டுக் குடு, எடுத்துக்கிறேன்."

டுவைன் வீட்டுக்குள் போனான். சமையலறைச் சன்னலில் ஆர்லிஸின் வெள்ளைத் தலை தெரிந்தது. முழங்கால் வலியால் அவள் முற்றம் தாண்டி வருவதில்லை. கொஞ்ச நேரத்தில் டுவைன் திரும்பி வந்தான்.

"எடுத்துக்கச் சொன்னாங்க. சண்டை போடத் தெம்பில்லையாம். ஆனா ஒண்ணு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. 'என் வீட்டுக்காரர் பொய் சொன்னதில்ல. பொய் சொல்லணும்னா வாயைத் தெறக்கணும்'னு."

கெரிட் ரோட்டாவேட்டரையும் சேர்த்து டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலியால் கட்டி வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

"கலப்பை, பனிவாரி, ரோட்டாவேட்டர். வீட்டுல இருக்கிறது எனக்கும் உனக்கும் சேத்து ஒரே ஒரு நல்ல முழங்கால். யாருக்கு வாங்கிட்டு வந்த, மனுஷா?" என்றாள் அவர் மனைவி பெர்னிஸ்.

"ரோட்டாவேட்டர் சும்மா வந்துச்சு."

"சும்மா வந்ததுன்னா யாரையோ அழ வச்சிருப்ப."

அவர் காதில் வாங்காமல், மேசை இழுப்பறையில் பெர்னிஸ் சேர்த்து வைத்திருந்த சபை நாள்காட்டிகளைக் கிளறினார். அவள் எதையும் தூக்கிப்போடாதவள். ஐம்பத்தைந்திலிருந்து எல்லா வருடமும் இருந்தன. எழுபத்தொன்பதை விரித்தார். செப்டம்பர் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை.

"பாத்தியா! இங்க வா, பாரு. ஞாயித்துக்கிழமையாம்."

டி வால் குடும்பமும் அதே சீர்திருத்தச் சபைக்காரர்கள்தான், வேறு ஊர்ச் சபை. காலையில் ஒரு ஆராதனை, சாயங்காலம் ஒரு ஆராதனை. நடுவில் சாப்பாடு, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியைக் கொடியில் போட்டாலே பேர் கெட்டுவிடும். அன்றைக்குப் போய் ஸ்பேனரைத் தொடுவானா ஒருவன்? எண்பத்து நான்கையும் தொண்ணூறையும் இரண்டாயிரத்து ஒன்றையும் பார்த்தார். அதெல்லாமும் ஞாயிறு. நாள்காட்டியைப் பார்க்காமல் குருட்டாம்போக்கில் எழுதியிருக்கிறான். அந்த நான்கு வட்டங்களுக்கு மேல் இன்னொரு வட்டம் போட்டார்.

"உனக்குச் சந்தோஷமா இருக்கா இப்போ?" என்றாள் பெர்னிஸ்.

"உண்மை தெரிஞ்சா சந்தோஷந்தான்."

மே மாதம் எஞ்சினைப் பிரித்தார். காற்று உறிஞ்சும் தகட்டுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. வைக்கோலும் சோளத் தொலியும் ஒரு துணிக் கையுறையின் விரலும் கிடந்தன. கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் காய்ந்து பாகு மாதிரி ஒட்டியிருந்தது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டில் இருந்தது. கனெக்டிங் ராடு பிடிக்கிற இடத்தில் இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. ஆயில் இல்லாமல் ஓடி, சூட்டில் வெந்த நீலம் அது. அந்த நிறம் எத்தனை வருடமானாலும் போகாது. பிஸ்டனும் கம்பெனி பிஸ்டன் இல்லை. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி ஒரு அளவு கூடின பிஸ்டனைப் போட்டிருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது, அதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் பிரித்த எஞ்சின். ஒரு காலத்தில் ஆயில் இல்லாமல் செத்துப் பிழைத்த எஞ்சின்.

"பிரிச்சதே இல்லன்னான் அந்தத் தடியன். ஆயில் மாத்தின தேதி நூறு எழுதி வச்சிருக்கான், ஆயிலே இல்லாம ஓட்டியிருக்கான். குடும்பமே பொய்" என்றார் பெர்னிஸிடம்.

"அந்தக் கெழவர் செத்தாச்சு, கெரிட். யார்கூட சண்டை போட்டுக்கிட்டு இருக்க?"

ஜூனில் தகரத்துக்கு வந்தார். பெயிண்டுக்கு முன்னால் பழசைச் சுரண்டி வெறும் இரும்புக்குக் கொண்டுவர வேண்டும். செப்டம்பரில் நடக்கிற பழைய வண்டிக் கண்காட்சியில் நிற்கிற வண்டியின் பானட்டை நடுவர்கள் தூக்கிப் பார்ப்பார்கள். உள்பக்கம் துருவோ கிறுக்கலோ இருந்தால் மார்க் போச்சு. கம்பி பிரஷை டிரில்லில் மாட்டி அந்தத் தேதிகள் மேல் வைத்தார். முப்பத்தாறு வருடத்துப் பென்சில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சாம்பல் நிறத் தூசியாகப் பறந்து அவர் மீசையில் ஒட்டியது.

பிரைமர் இரண்டு கை, சிவப்பு மூன்று கை. துணைக்கருவிகளுக்கும் அதே. புல்வெட்டியின் அடித்தகட்டில் கையளவு ஓட்டை. புதுத் தகடு வெட்டி வைத்து வெல்டிங் அடித்தார். ரோட்டாவேட்டருக்குப் புதுக் கத்தி போட்டார். ஜூலை கடைசியில் வண்டி அவர் கொட்டகையில் நின்றபோது பெர்னிஸே காப்பிக் கோப்பையோடு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சாவியைத் திருப்பினார். டப் டப் என்று நிதானமாக ஓடியது. புகை இல்லை.

"நல்லா இருக்கு" என்றாள். அதற்கு மேல் அவள் யாரையும் புகழ்ந்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல் பழைய நீளக் கார் ஒன்று வந்து நின்றது. ஆர்லிஸ் டி வால் இறங்கினாள். கைத்தடியை ஊன்றி, மூன்று தடவை நின்று மூச்சு வாங்கி, கொட்டகை வாசலுக்கு வந்தாள். பெர்னிஸ் ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தாள்.

"உக்கார வரல. டுவைன் போன ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தான். பேச்சுவாக்குல சொன்னான், பானட்டுக்குள்ள எங்க வீட்டுக்காரர் தேதி எழுதி வச்சிருந்தாருன்னு. பொய்க் கணக்குன்னு நீங்க சொன்னீங்கன்னு அன்னைக்கே தெரியும். ஆயில் பில் ஏதோன்னு நெனச்சேன். எழுதியிருந்தாருன்னு தெரியாது" என்றாள்.

"தேதிதான்" என்றார் கெரிட்.

"தேதி மட்டுமா? வேற ஏதாவது? அவரு பேசாத மனுஷர். எழுத மாட்டாருன்னுதான் நெனச்சேன். எழுதுவாருன்னா... எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். எங்க பையன் பேரு அதுல எங்கயாவது இருந்துச்சா?" அவள் கைத்தடியை இறுக்கிப் பிடித்தாள். "பானட்டைத் தூக்குங்க. நானே பாத்துக்கிறேன்."

கெரிட் நகரவில்லை. பெர்னிஸ் அவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு அவளே போய் பானட்டைத் தூக்கினாள்.

உள்பக்கம் சிவப்பாக, ஈரம்போலப் பளபளத்தது. ஆர்லிஸ் குனிந்து பார்த்தாள். அவள் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது. விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள், தடவினாள்.

"புதுசு மாதிரி இருக்கு" என்றாள்.

திட்டியிருந்தால் கெரிட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது உட்காரச் சம்மதித்தாள். கைப்பையைத் திறந்து, சபையில் பிரசங்கத்தின்போது எல்லோரும் வாயில் அடக்கிக்கொள்கிற புதினா மிட்டாய் ஒன்றை எடுத்தாள், வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு வாக்கியம் போதும் என்று கெரிட்டுக்குத் தெரிந்தது. ஆமாம், ஓரத்தில் லைல் என்று எழுதியிருந்தது. யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? இருந்த ஒரே சாட்சியை அவரே கம்பி பிரஷுக்குத் தின்னக் கொடுத்துவிட்டார். இந்தக் கிழவி வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுப்பாள். எடை மேடையில் நின்ற நாற்பது வருடத்தில் அவர் ஒரு மூட்டைக்குக்கூடப் பொய் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதலாம் போல இருந்தது. பெர்னிஸ்கூட அதைத்தான் எதிர்பார்க்கிறாள் என்று தோன்றியது. வாயைத் திறந்தார்.

"இல்ல. உங்க பையன் பேரு இல்ல. எண்ணும் தேதியும்தான். நான் ஒவ்வொண்ணா படிச்சேன். மெதுவாத்தான் படிப்பேன், அதனால விட்டுப்போக வழியில்ல" என்றார்.

ஆர்லிஸ் தலையை ஆட்டினாள். "சரி" என்றாள். "தெரிஞ்சதுதான்." எழுந்திருக்கக் கைத்தடியைத் தேடினாள்.

"தேதியெல்லாம் எங்கிட்ட இருக்கு" என்றார் கெரிட் அவசரமாக. எதற்காகச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை, அவ்வளவுதான். "அவரு எழுத்து இல்ல. என் எழுத்து. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கலாம்."

வேலை மேசை இழுப்பறையிலிருந்து விதைக் கம்பெனி நோட்டைத் தேடி எடுத்தார். கொடுக்கும்போதுதான் வட்டங்கள் ஞாபகம் வந்தன.

"அந்த வட்டம் நான் போட்டது. பொய்க் கணக்குன்னு சொன்னேன் பாருங்க, அதுக்காக. செப்டம்பர்ல யாரும் ஆயில் மாத்த மாட்டாங்க. அதுலயும் சில வருஷம் ஞாயித்துக்கிழமை. அதான் ரெண்டு வட்டம்."

ஆர்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள், புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் அவள் கை நின்றது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். விரலை வட்டத்தின் மேல் வைத்து, அடுத்த வட்டத்துக்குப் போய், அதற்கடுத்ததற்குப் போய், வாய்க்குள் எண்ணினாள்.

"இருபத்தி நாலு" என்றாள்.

"ஆமா."

"லைல் செத்தது செப்டம்பர் ஒம்போது."

வெளியே அவள் காரின் எஞ்சின் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை அன்னைக்கு" என்றாள் ஆர்லிஸ். குரல் நடுங்கவில்லை. எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரி வந்தது. "மறுநாள் புல் வெட்டக் கூடாதுல்ல, அதனால சனிக்கிழமைக்குள்ள கல்லறைத் தோட்டத்தை முடிக்கணும். அந்த வருஷம் எங்க வீட்டு முறை. லைல் இந்த வண்டிய எடுத்துட்டுப் போனான். ஆயில் இருக்கான்னு பாக்கல. பாதியில எஞ்சின் இறுகி நின்னுடுச்சு. ஹார்லன் அவனை அங்கயே, சபை வாசல்லயே, எல்லாரும் பாக்கத் திட்டினாரு. 'ஒரு குச்சிய உருவி ஆயில் பாக்கத் துப்பில்ல, நீயெல்லாம் மனுஷனா'ன்னாரு. பையன் மோட்டார் சைக்கிளை எடுத்துட்டுப் போனான். மழை. கல் பாலத்துக்கிட்ட..."



கெரிட் வண்டியின் பக்கம் திரும்பினார்.

"கிராங்க் நீலமா இருக்கு" என்றார். "உள்ள. நான் பாத்தேன். ஆயில் இல்லாம ஓடினது. அப்புறம் பிரிச்சு, கடைஞ்சு, புது பிஸ்டன் போட்டிருக்காரு. நல்ல வேலை. நான் பாத்ததுலயே சுத்தமான வேலை. உங்களையெல்லாம் பொய்யின்னு இவகிட்டச் சொன்னேன்." தாடையால் பெர்னிஸைக் காட்டினார்.

"அந்தக் குளிர்காலம் பூரா கொட்டகையிலதான் இருந்தாரு" என்றாள் ஆர்லிஸ். "பையன் செத்த வீட்டுல வண்டி ரிப்பேர் பண்றாரேன்னு நான் அவரைப் பாக்கவே இல்ல. மூணு மாசம் பேசல." நோட்டை மறுபடி குனிந்து பார்த்தாள். "வருஷா வருஷம் அன்னைக்குக் கல்லறைக்குக் கெளம்புவேன். வாங்கன்னு கூப்பிடுவேன். வேலை இருக்குன்னு சொல்வாரு. என்ன வேலைன்னு கேட்டதில்ல."

"இந்த ரெட்டை வட்டம்?" என்று மெதுவாகக் கேட்டாள் பெர்னிஸ்.

"ஞாயித்துக்கிழமை வேலை இருக்குன்னு சொல்ல முடியாதே. அன்னைக்கு மட்டும் வயித்து வலின்னு சொல்லிச் சாயங்கால ஆராதனைக்கு வர மாட்டாரு. எனக்கு எவ்வளவு அவமானமா இருக்கும்! மூப்பரா இருந்தவரு. திரும்பி வந்து பாத்தா, சமையலறையில உக்காந்திருப்பாரு. கை ரெண்டையும் மேசை மேல வச்சிருப்பாரு. மரத்தூள் போட்டுத் தேச்ச மாதிரி அவ்வளவு சுத்தமா இருக்கும். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் கை எதுக்கு இவ்வளவு சுத்தமா இருக்கணும்னு நான் ஒரு தடவைகூட யோசிக்கல."

அப்போதுதான் அழுதாள். பெர்னிஸ் பக்கத்தில் போய் நின்று அவள் தோளில் கையை வைத்தாள். கெரிட் ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஸ்பேனர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கெரிட் கார்வரை கூட நடந்தார்.

"ரோட்டாவேட்டரை நான் திருப்பிக் குடுத்துடறேன். நான் சொன்னது பொய், அதை வச்சு வாங்கினது" என்றார்.

"நான் அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? என் முழங்காலைப் பாருங்க."

"அப்போ வசந்தத்துல வந்து உருளைக்கெழங்குப் பாத்தி போட்டுத் தரேன்."

"போடுங்க. ஆழமா போடணும். அவரு ஆழமாத்தான் போடுவாரு." காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். "வட்டம் போட்டீங்களே, கெரிட். போடலைன்னா நான் அதைப் பாத்திருக்க மாட்டேன். நூறு தேதிக்குள்ள கண்ணுல பட்டிருக்காது."

அது நன்றியா குத்தலா என்று அவர் யோசித்துக்கொண்டே கொட்டகைக்குத் திரும்பினார். இரண்டும் இல்லை என்று கடைசியில் முடிவு செய்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

கண்காட்சி செப்டம்பர் முதல் வாரம் வந்தது, போனது. வண்டியைக் கொண்டுபோகவில்லை.

ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு நீளக் கார் வந்தது. கெரிட் முந்தின நாள் போன் பண்ணியிருந்தார். "நாளைக்கு வேலை இருக்கு, வரீங்களா?" என்று மட்டும்தான் கேட்டார்.

வண்டி கொட்டகை வாசலில் வெயிலில் நின்றது. ஆயில் சூடாக இருந்தால்தான் முழுக்க வடியும் என்று பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தியிருந்தார். ஆர்லிஸ் வந்ததும் முதல் வேலையாக எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடா இருக்கு."

"நான்தான் சூடாக்கினேன். ஏமாத்துறதுக்கு இல்ல."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆயில் வடிக்கும் அடித் திருகை கெரிட் ஸ்பேனரால் இளக்கிவிட்டார். "மிச்சத்தை நீங்க கையாலயே திருகலாம். கை அழுக்காகும்" என்றார்.

"ஆகட்டும்."

குனிந்து திருகினாள். திருகு கையோடு வந்தது. ஆயில் அவள் விரல்கள் மேல் வழிந்து வாளிக்குள் இறங்கியது. ஜூலையில் ஊற்றிய ஆயில். இரண்டு மணி நேரம்கூட ஓடாதது. தேன் மாதிரி, அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. மூன்று பேரும் அது நூலாகி, சொட்டாகி நிற்கும் வரை பார்த்தார்கள்.

"இதுல ஒரு குத்தமும் இல்ல. வீண்தான்" என்றார் கெரிட்.

"ஆமா, வீண்தான்" என்றாள் ஆர்லிஸ்.

அவள் திருகை மாட்டினாள். அவர் புது ஆயிலை ஊற்றினார். குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவி, அவளிடம் நீட்டினார். கோடு சரியாக இருந்தது. பிறகு பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்தார்.

"பென்சில் இந்தப் பெயிண்டுல பிடிக்காது. நேத்தே எழுதிப் பாத்துட்டேன்" என்றார்.

ஆர்லிஸ் ஆணியை வாங்கினாள். சிவப்பில் முதல் கீறல் விழுந்தபோது இரும்பு கிறீச்சிட்டது. பெர்னிஸ் கண்ணை மூடிக்கொண்டாள், எத்தனை நாள் வேலை என்று அவளுக்குத் தெரியும். ஆர்லிஸ் நிதானமாக, அழுத்தி எழுதினாள். மாதம், நாள், வருடம். எழுதி முடித்தும் ஆணியை எடுக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தேதிக்கு எதிரில், அவள் வீட்டுக்காரர் எண் போடாமல் விடுகிற இடத்தில், தன் பையனின் பெயரை எழுதினாள்.

கெரிட் பானட்டைச் சாத்தவில்லை. அவள் கை கழுவிவிட்டு வரும் வரை தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.